ஆயிரம் கெஜ இலக்குக்கு எந்த ரைபிள்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் நம் ஊர்ச் செம்பனை ஆலையின் பட்டறையில் லேத் வேலை பார்ப்பவன். பிரிஸ்பேனில் குடியேறிவிட்ட என் மகன் அங்கே ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்து, கிளப் துப்பாக்கியை வைத்து 300 முதல் 1,000 கெஜம் வரை சுட்டுப் பழகி வருகிறான். உரிமம் கிடைத்துவிட்டதால் சொந்தமாக ஒன்று வாங்க நினைக்கிறான். கடையில் கிடைக்கும் தொழிற்சாலைத் தயாரிப்பே போதும் என்கிறார்கள் சிலர். தனியாகச் சொல்லிச் செய்துகொள்ளாவிட்டால் காசுக்குக் கேடு என்கிறார்கள் வேறு சிலர். விலையோ மடங்குக் கணக்கில் வேறுபடுகிறது. அவனுக்கு என்ன சொல்வது? என் கையாலேயே ஏதேனும் ஒரு பாகம் கடைந்து அனுப்பலாமா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். கூடாது. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டப்படி, உரிமம் பெறாத ஒருவர் துப்பாக்கியைச் செய்வதோ பழுதுபார்ப்பதோ குற்றமாகும். மகனுக்காகச் செய்தேன் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. ஆனால் தங்களுக்கு இருக்கும் லேத் அறிவு வேறொரு வகையில் மகனுக்குப் பெரிதும் பயன்படும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தங்கள் மகன் எந்தப் பிரிவில் சுடப்போகிறார் என்பதை உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் தொழிற்சாலைத் துப்பாக்கியா, தனித் தயாரிப்பா என்று விவாதிப்பதில் பயனில்லை. பிரிட்டனில் 1890 முதல் பிஸ்லி மைதானத்தில் நடைபெற்றுவரும் போட்டிகளின் வழிவந்தது ‘டார்கெட் ரைபிள்’ பிரிவு. குப்புறப் படுத்து, தோல்வாரைக் கையில் சுற்றி இறுக்கி, தொலைநோக்கி இல்லாமல் ஒரு சிறு துளையின் வழியே குறிபார்த்துச் சுடவேண்டும். கண்ணும் தோளும் தளர்ந்த மூத்தவர்கள் தொடர்ந்து சுடுவதற்காக, கனடாவின் ஜார்ஜ் ஃபார்குவார்சன் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்தது ‘எஃப் கிளாஸ்’. அதில் தொலைநோக்கியும் உண்டு, துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்கும் தாங்கியும் உண்டு.

இரண்டுக்கும் இலக்கின் அளவு வேறு. பிஸ்லியில் 1,000 கெஜத்து டார்கெட் ரைபிள் இலக்கின் நடுவட்டம் 610 மில்லிமீட்டர் அகலமுள்ளது. எஃப் கிளாஸ் இலக்கில் முழு மதிப்பெண் தரும் வட்டம் ஏறத்தாழ 255 மில்லிமீட்டர்தான். சமநிலையை முறிக்கும் உள்வட்டம் அதிலும் பாதி. இப்போது துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். நல்ல தொழிற்சாலைத் தயாரிப்பு ஒன்று, தகுந்த தோட்டாவுடன், ஒரு நிமிடக் கோணத்துக்குள் (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) சுடும் என்று வைத்துக்கொண்டால், அதன் குண்டுகள் 1,000 கெஜத்தில் ஏறத்தாழ 266 மில்லிமீட்டர் அகலத்துக்குள் விழும். டார்கெட் ரைபிள் வட்டத்துக்குள் இது தாராளமாக அடங்கும். எஃப் கிளாஸிலோ, காற்றே வீசாத நாளில்கூடச் சில குண்டுகள் வட்டத்தின் விளிம்புக்கு வெளியே போய்விடும். ஆகவே தனித் தயாரிப்பின் பலன் உண்மையானதுதான். ஆனால் அதை எஃப் கிளாஸின் மேல்வரிசையில் நிற்பவர்களே முழுமையாக அனுபவிக்கிறார்கள்.

அந்தப் பலன் எங்கிருந்து வருகிறது என்பதை லேத் தெரிந்த தங்களிடம் விளக்குவது எளிது. தொழிற்சாலைகள் பலவற்றில் குழலின் உட்புரிகளைச் சுத்தியல் முறையில் உருவாக்குகிறார்கள்: கெட்டியான ஓர் அச்சுக்கம்பியை உள்ளே செருகி, வெளியிலிருந்து இயந்திரச் சுத்தியல்கள் அடிக்கும்போது புரிகள் சில நிமிடங்களில் பதிந்துவிடுகின்றன. இது வேகமான, உறுதியான முறை. ஆனால் உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடலாம், சுடச்சுடக் குழல் சூடாகும்போது குண்டு விழும் இடம் மெல்ல நகரலாம். க்ரீகர், பார்ட்லைன் போன்ற குழல் தயாரிப்பாளர்கள் ஒற்றை வெட்டுளியை மீண்டும் மீண்டும் உள்ளே இழுத்து, மயிரிழை மயிரிழையாகச் சீவிப் புரி வெட்டுகிறார்கள். பிறகு ஈயக்கட்டியில் தேய்ப்புப் பசை பூசிக் கையால் உட்புறத்தை மெருகேற்றுகிறார்கள்.

அடுத்து வருவது தோட்டா உட்காரும் அறை. சந்தையில் விற்கும் எந்த நிறுவனத்தின் தோட்டாவும் சிக்காமல் உள்ளே போகவேண்டும் என்பதால், தொழிற்சாலை அந்த அறையைச் சற்றுத் தாராளமாகவே வெட்டுகிறது. தனியாகச் செய்பவர், சுடுபவர் பயன்படுத்தப்போகும் குண்டின் நீளத்தையும் வடிவத்தையும் கேட்டு, அதற்கேற்ற கருவியால் வெட்டுகிறார். அப்போது அவர் குழலை நான்கு தாடைச் சக்கில் பிடித்து, அதன் வெளிப்புறத்தை விட்டுவிட்டு, உட்துளைக்குள் டயல் கேஜின் முள்ளை ஓடவிட்டு மையம் பார்க்கிறார். நீண்ட குழலில் வெளிப்புறமும் உட்துளையும் ஒரே மையத்தில் இருக்கும் என்று நம்பக்கூடாது என்பது தங்களுக்கே தெரியும். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட்டின் முகம் செங்குத்தாக இருக்கிறதா, அதன் இரண்டு பிடிகளும் சமமாக அழுந்துகின்றனவா என்றும் சரிபார்க்கிறார். மகன் ஒரு கைவினைஞரைத் தேடிப்போகும்போது, குழலை எப்படி மையப்படுத்துவீர்கள் என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதிலை மகன் தங்களிடம் சொன்னாரானால், கைவினைஞரின் கை எப்படிப்பட்டது என்பதைத் தாங்கள் இங்கிருந்தே எடைபோட்டுவிடலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும், என் முடிவு இதுதான்: முதல் துப்பாக்கியைத் தனியாகச் செய்யக் கொடுக்கவேண்டாம். 1,000 கெஜத்தில் மதிப்பெண்ணைத் தின்பது பெரும்பாலும் காற்று. மணிக்கு ஒரே ஒரு மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, .308 தோட்டாவின் (குண்டின் விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும் எண் இது) குண்டை அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 9 அங்குலம் தள்ளிவிடும். குண்டு இலக்கை அடைய ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் மைதானத்தில் காற்றைக் காட்டும் கொடி தாழ்ந்து எழுந்துவிடும். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் வினாடிக்கு 10 மீட்டர் மாறினால், குண்டு ஏறக்குறைய ஓர் அடி மேலோ கீழோ போகும். காற்றைப் படிக்கத் தெரியாதவருக்கும், தோட்டாவைச் சீராக அடைக்கத் தெரியாதவருக்கும், அரை நிமிடக் கோணத் துப்பாக்கி என்ன உதவி செய்துவிடும்? அந்தப் பணத்தைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் செலவிடட்டும்.

எஃப் கிளாஸ் என்றால் சாவேஜ், டிக்கா, ரெமிங்டன் 700 போன்ற ஒன்றை, கனத்த குழலுடன், .308 அளவில் வாங்கட்டும். சாவேஜ் நிறுவனம் இந்தப் போட்டிக்கென்றே மாடல் 12 வரிசையில் துப்பாக்கி செய்து விற்றிருக்கிறது. எதை வாங்கினாலும், பிரிஸ்பேனில் இருக்கும் கைவினைஞர்களுக்குப் பழக்கமான வகையாக இருக்கவேண்டும். ஏனெனில் குழல் என்பது காரின் டயரைப் போலத் தேயும் பொருள். .308 குழல் ஏறத்தாழ 3,000 முதல் 5,000 தோட்டாக்கள் வரை தாங்கும். அது தேய்ந்து மாற்றும் நாளில்தான் தனித் தயாரிப்புக்கான நேரம் வருகிறது. அதற்குள் தமக்கு எந்த எடையுள்ள குண்டு ஒத்துவருகிறது, கன்னக்கட்டை எவ்வளவு உயரம் வேண்டும் என்பதெல்லாம் மகனுக்கே புரிந்திருக்கும். போல்ட்டும் அதைத் தாங்கும் உலோக உடலும் சேர்ந்த பகுதியை ஆக்‌ஷன் என்பார்கள். இருக்கும் ஆக்‌ஷனிலேயே வெட்டுப்புரிக் குழல் ஒன்றைப் பொருத்தச் சொன்னால், முழுத் தனித் தயாரிப்பின் நன்மையில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

டார்கெட் ரைபிள் பிரிவென்றால் என் ஆலோசனை மாறும். துளைக்குறி வைத்த நீள்தூரத் துப்பாக்கிகளை இன்று கடைகளில் காண்பது அரிது. ஆகவே கிளப்பின் மூத்த உறுப்பினர் எவரேனும் விற்கும் பழைய துப்பாக்கியைத் தேடுவதே புத்திசாலித்தனம். நியூசிலாந்தின் பார்னார்ட் ஆக்‌ஷனில் கட்டியது கிடைத்தால் விடவேண்டாம். ஒரு காலத்தில் அடிலெய்டில் தொழிற்சாலைத் தயாரிப்பாகவே வந்த ஒமார்க் 44 கிடைத்தாலும், குழலின் நிலையைப் பார்த்து வாங்கலாம்.

கேள்வி: நூறு கெஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் சுடும் என்று தொழிற்சாலையே உத்தரவாதம் கொடுக்கிறதே, அப்படியிருக்க ஒரே மாதிரித் துப்பாக்கிகள் இரண்டு ஏன் வெவ்வேறு விதமாகச் சுடுகின்றன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

பதில்: அந்த உத்தரவாதம் எத்தனை குண்டுகளுக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றுக்குத்தான் இருக்கும். மூன்று குண்டுகள் அருகருகே விழுவது தற்செயலாகவும் நடக்கலாம். பத்து குண்டுகளைத் தொடர்ந்து சுட்டால் அதே துப்பாக்கியின் வட்டம் கட்டாயம் விரியும். போட்டியில் பத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுடவேண்டியிருப்பதால், வாங்குபவர் பத்துக் குண்டுக் கணக்கையே கேட்கவேண்டும்.

இரண்டு துப்பாக்கிகள் வேறுபடுவதற்கு, கருவி தேய்ந்த நிலையில் வெட்டிய குழல், துப்பாக்கியின் பிடிக்கட்டையில் ஆக்‌ஷன் சரியாக அமராமை என்று காரணங்கள் பல. கடைசியாகச் சொன்னதை உரிமையாளரே கண்டுபிடித்துவிடலாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு, குழலும் கட்டையின் முன்பகுதியும் சந்திக்கும் இடத்தில் இரண்டையும் தொட்டபடி ஒரு விரலை வைத்து, முன்திருகாணியை மெதுவாகத் தளர்த்தவேண்டும். விரல் நுனியில் குழல் அசைவது தெரிந்தால், திருகாணி இவ்வளவு நாளும் ஆக்‌ஷனை வளைத்துப் பிடித்திருந்தது என்று பொருள். பிசின் ஊற்றி அமர்வைச் சரிசெய்ய ஆகும் செலவு, புதுக் குழலின் விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இந்தச் சிறு வேலையால் திருந்தியிருக்கக்கூடிய தொழிற்சாலைத் துப்பாக்கிகளை மட்டமானவை என்று விற்றுத் தள்ளிவிட்டவர்களை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: .308ஐ விட 6.5 கிரீட்மூர் மேல் என்கிறார்களே?
– ஒரு மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: காற்றைப் பொறுத்தவரை உண்மை. ஹார்னடி நிறுவனம் 2007இல் உருவாக்கிய அந்தத் தோட்டாவின் நீண்ட குண்டு, 1,000 கெஜத்தில் .308ஐ விட ஏறத்தாழ கால் பங்கு குறைவாகவே ஒதுங்கும். ஆனால் குழல் விரைவில் தேயும். அதோடு டார்கெட் ரைபிள் பிரிவிலும், எஃப் கிளாஸில் தாங்குகால் வைத்துச் சுடும் பிரிவிலும் .223, .308 ஆகிய இரண்டுக்கு மட்டுமே இடமுண்டு. கிரீட்மூர் வைத்திருப்பவர் திறந்த பிரிவில், இன்னும் சிறந்த தோட்டாக்களோடு வருபவர்களுடன் மோதவேண்டும்.

கேள்வி: என் மகள் இந்த விளையாட்டில் ஆர்வமாக இருக்கிறாள். நம் நாட்டிலேயே தொடங்க வழி உண்டா? அவளுக்கு எந்த ரைபிள் வாங்குவது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, ஒன்றும் வாங்கவேண்டாம். நம் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கிகூட உரிமம் தேவைப்படும் சுடுகலன்தான். தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காகச் சிலர் உரிமம் பெற்று வைத்திருக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் இந்த விளையாட்டுக்கும் தொடர்பில்லை. 1948 ஜூன் 16 அன்று இந்த ஊர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து வந்த அவசரகாலத்தில், அனுமதியில்லாத துப்பாக்கி கையில் இருந்தால் தூக்குத் தண்டனை என்ற நிலை இருந்தது. துப்பாக்கி என்றாலே நம் பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவதற்கு அந்தக் காலம் ஒரு காரணம். அந்த அச்சத்தை மதித்தே, எல்லாவற்றையும் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யவேண்டும்.

அதற்காக மகளின் ஆர்வத்தை அணைத்துவிடாதீர்கள். 1998 காமன்வெல்த் விளையாட்டின் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் நம் லங்காவியில்தான் நடந்தன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்று ரைபிள் பிரிவில், எட்டு மாதக் கர்ப்பிணியாக நூர் சுர்யானி முகமட் தைபி நம் நாட்டுக்காகச் சுட்டார். மகளும் அதே 10 மீட்டர் பிரிவிலேயே தொடங்கலாம். மாநிலத் துப்பாக்கிச் சுடும் சங்கத்தை அணுகி, சங்கத்துக்குச் சொந்தமான ரைபிளில், பயிற்றுநரின் கண்காணிப்பில் சுட இடமுண்டா என்று கேளுங்கள். முதன்முறை போகும்போது அடையாள அட்டையுடன் தாங்களும் கூடவே போங்கள். வயது குறைந்தவர் என்றால் பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதத்தைக் கேட்பார்கள்.