பள்ளத்தாக்கைக் காத்தவர்களா உங்கள் வீட்டைப் பறித்தார்கள்?

கேள்வி: கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் பல ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறேன். சொந்த வீடு எட்டாக்கனியாகவே இருக்கிறது. நகரின் தெற்கே கயோட்டி பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வெறுமனே கிடந்தும், அங்கே எதையும் கட்ட விடாமல் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் தடுத்துவிட்டார்கள். மனிதனுக்கு வீடு முக்கியமா, காட்டுப்பூனைக்குப் பாதை முக்கியமா?

பதில்: உங்கள் வாடகைச் சுமை உண்மையானது. அதற்கு நீங்கள் காட்டும் காரணம்தான் தவறு.

அந்தப் பள்ளத்தாக்கின் வடபகுதியை நகராட்சி நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தது அலுவலகங்களுக்கும் தொழிற்கூடங்களுக்குமே தவிர, வீடுகளுக்கு அல்ல. 2000ஆம் ஆண்டு வாக்கில் சிஸ்கோ நிறுவனம் ஏறத்தாழ 20,000 பேர் பணிபுரியும் வளாகம் ஒன்றை அங்கே எழுப்பத் திட்டமிட்டு, தொழில்நுட்பச் சந்தை சரிந்ததும் கைவிட்டது. பின்னர் வரையப்பட்ட பெருந்திட்டத்தில் 25,000 வீடுகள் இருந்தன. கூடவே 50,000 வேலைகளும் இருந்தன. அதாவது ஒரு வீட்டுக்கு இரண்டு வேலை. அது முழுமையாக நிறைவேறியிருந்தாலும் வீடு தேடுவோரின் வரிசை நீண்டிருக்குமே தவிர குறைந்திருக்காது. ஆர்வலர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள் என்பது மெய்தான். ஆனால் 2008இல் அது நின்றுபோனது, திட்டமிடும் செலவை ஏற்றிருந்த கட்டுமான நிறுவனங்களே பின்வாங்கியதால்.

பரந்து விரிந்தால் வீடு மலியும் என்ற நம்பிக்கையை சான் ஹோசே ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. 1950இல் 17 சதுர மைலுக்குள் 95,000 பேர் வாழ்ந்த அந்த ஊர், அடுத்த 20 ஆண்டுகளில் பழத்தோட்டங்களை ஒவ்வொன்றாக விழுங்கி 130 சதுர மைலுக்கு மேல் பரவியது; மக்கள்தொகையும் 4 லட்சத்தைத் தாண்டியது. அப்படிப் பரவிய நகரத்தில்தான் இன்று உங்களுக்கு வீடு கிடைக்கவில்லை. 2019ஆம் ஆண்டு நிலவரப்படி, அங்கே குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில் 94 விழுக்காட்டில் தனித்தனி வீடுகளைத் தவிர வேறு எதையும் கட்ட விதிகள் இடம் தரவில்லை. ஒரு மனையில் இரண்டு வீடு கட்டுவதற்கே 2022இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம் தேவைப்பட்டது. உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் நகருக்கு உள்ளேதான் இருக்கிறது.

நிலம் 'வெறுமனே கிடக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் ஏற்க முடியாது. கடந்த நூற்றாண்டில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால், சான் ஹோசே நகரின் மையப்பகுதி சுமார் 13 அடி கீழே இறங்கியது. வெளியிலிருந்து நீரைக் கொண்டுவந்து, மண்ணுக்குள் மீண்டும் ஊறச் செய்த பிறகே, 1960களின் இறுதியில் அந்தச் சரிவு நின்றது. கயோட்டி பள்ளத்தாக்கில் இறங்கும் மழைநீர், நிலத்தடியில் வடக்கு நோக்கி நகர்ந்து அந்த நகரின் அடிநீருடன் சேர்கிறது. பள்ளத்தாக்கின் வடமுனையில் லகுனா செக்கா என்ற பருவகால ஈரநிலம் இருக்கிறது. வேளாண்மைக்காக ஒரு நூற்றாண்டுக்கு முன் அதிலிருந்து வடிகால் வெட்டியும், நல்ல மழைக்காலத்தில் இன்றும் அங்கே நீர் தேங்குகிறது. அந்த மண்ணுக்குக் கான்கிரீட் மூடி போட்டால் தேங்க வேண்டிய நீர் ஃபிஷர் ஓடை வழியாகக் கயோட்டி ஆற்றில் விரைந்து கலக்கும். 2017 பிப்ரவரியில் அந்த ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஆண்டர்சன் நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்தபோது, அதே ஆறு நகருக்குள் புகுந்து ஏறத்தாழ 14,000 பேரை வீடுகளை விட்டு வெளியேற வைத்தது. ஆற்றோரத்தில் அல்லல்பட்டவர்களில் உங்களைப் போன்ற வாடகைதாரர்கள் பலர்.

காட்டுப்பூனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்கே சாந்தா குரூஸ் மலைகளுக்கும் கிழக்கே டயப்லோ மலைத்தொடருக்கும் இடையே நகரம் அடைத்துவிடாத இணைப்புகள் மிகச் சிலவே. அவற்றில் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு. நடுவே ஓடும் மான்டெரே சாலையில் கான்கிரீட் தடுப்புச் சுவர் நிற்பதால், சாலையைக் கடக்க முயலும் விலங்குகள் அங்கேயே அடிபட்டுச் சாகின்றன. பாப்கேட் என்ற காட்டுப்பூனை, சாலைக்கு அடியில் ஃபிஷர் ஓடை செல்லும் சிறுபாலத்துக்குள் நுழைந்து மறுபக்கம் போகிறது. அந்த வழியும் அடைபட்டால், சாந்தா குரூஸ் மலைகளில் உள்ள விலங்குகள் தீவில் சிக்கியவை போலாகித் தங்களுக்குள்ளேயே இனம் பெருக்கி நலிந்துபோகும்.

கட்டடம் எழாத இடத்தையும் நகரம் கெடுக்கும் என்பதற்குக் கிழக்கே உள்ள கயோட்டி மலைமுகடே சான்று. செர்பன்டைன் என்ற பாறையிலிருந்து உருவான அங்குள்ள மண் சத்துக் குறைந்தது. அதனாலேயே பே செக்கர்ஸ்பாட் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் தின்னும் சிறு செடி, முரட்டுப் புற்களின் போட்டியின்றி அங்கே பிழைக்கிறது. வாகனப் புகையிலிருந்து படியும் நைட்ரஜன் அந்த மண்ணுக்கு உரமாகிவிடுவதால், வெளிநாட்டுப் புல் செழித்துச் செடியை மூடிவிடுகிறது. மாடுகளை மேயவிட்டுத்தான் அந்தப் புல்லைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். 1987 முதல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் பூச்சி அது. கீழே இன்னும் பல்லாயிரம் கார்கள் ஓடத் தொடங்கினால் எத்தனை மாடுகள் மேய்ந்தாலும் போதாது.

ஆர்வலர்கள் கொடி பிடித்ததோடு நின்றுவிடவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். 2018இல் சான் ஹோசே வாக்காளர்கள் 65 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் அளித்தபோது, வெள்ளத் தடுப்புக்கு நிலம் வாங்குவதும் அதில் அடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு நகராட்சியும், நிலக்காப்பு அறக்கட்டளை ஒன்றும், வட்டாரத் திறந்தவெளி ஆணையமும் சேர்ந்து, வடபகுதியில் 937 ஏக்கரைச் சுமார் 9.3 கோடி டாலர் கொடுத்து வாங்கின. அங்கே யாருடைய நிலமும் பறிக்கப்படவில்லை.

நியாயமான குறை ஒன்று இருக்கிறது. அது உங்கள் கேள்வியில் இல்லை. 2021இல் நகர்மன்றம் பள்ளத்தாக்கின் நடுப்பகுதியையும் வேளாண் நிலமாகவே வைத்திருக்க முடிவெடுத்தபோது, என்றாவது நல்ல விலை வரும் என்று பல பத்தாண்டுகள் காத்திருந்த சிறு உடைமையாளர்கள், தங்கள் முதுமைக்கான சேமிப்பே போய்விட்டதாக முறையிட்டார்கள். முடிவு சரியானதுதான். ஆனாலும் பெரிய நில நிறுவனங்களுக்கு உரிய விலை கொடுத்து வாங்கியவர்கள், பத்து ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு மட்டும் கையை விரிப்பது அறமாகாது. பள்ளத்தாக்கைக் காக்க நகர்மன்றப் படியேறிய ஆர்வலர்கள், இவர்களுக்கும் நேர்மையான விலை கிடைப்பதற்காக அதே படியை மறுபடியும் ஏற வேண்டும்.