கம்ப்யூட்டர் கேள்வி – பதில்: எஃப்4 தட்டினால் ஃபார்முலா அசையவில்லையே!

கேள்வி: நூறு கீபோர்டு ஷார்ட்கட் அடங்கிய பட்டியலைப் பிரிண்ட் எடுத்து மேசையில் ஒட்டிவைத்திருக்கிறேன். கண்ட்ரோல்+சி, கண்ட்ரோல்+வி தவிர வேறெதுவும் மனசில் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பட்டியலைக் கிழித்துவிடுங்கள். அதில் பெரும்பாலானவை உங்கள் வேலைக்குத் தேவைப்படாது. அரை மணி நேரம் வழக்கம்போல வேலை பாருங்கள். கை எதற்காகத் திரும்பத் திரும்ப மவுஸுக்குப் போகிறது என்று மட்டும் கவனியுங்கள். அந்த ஒரு வேலைக்கான ஷார்ட்கட் விரலுக்குப் பழகிய பிறகு அடுத்ததைப் பார்க்கலாம்.

வேர்டு, எக்செல் இரண்டிலும் மனப்பாடமே இல்லாமல் ஒரு வழி உண்டு. ஆல்ட் கீயைத் தட்டிவிட்டு விடுங்கள், பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். மேலே ரிப்பனில் ஒவ்வொரு டேபின் மீதும் ஓர் எழுத்து தெரியும். ஹோமுக்கு எச். அதைத் தட்டினால் உள்ளே இருக்கும் பட்டன்களின் எழுத்துகள் வரும். தினமும் தேடுகிற பட்டன் என்றால் அதன்மேல் ரைட் கிளிக் செய்து குயிக் அக்சஸ் டூல்பாரில் சேர்த்துவிடுங்கள். அந்த டூல்பாரில் முதலில் இருப்பது ஆல்ட்+1, அடுத்தது ஆல்ட்+2. நீங்களே உருவாக்கியதாயிற்றே, மறக்காது.

கேள்வி: எக்செல்லில் பி2-ல் விலை, எஃப்1-ல் வரி விகிதம். =பி2*எஃப்1 என்று போட்டுக் கீழே இழுத்தால் முதல் வரிசை மட்டும் சரி, மற்றதெல்லாம் பூஜ்யம். எஃப்4 தட்டச் சொன்னார்கள். தட்டினால் லேப்டாப்பில் சத்தம்தான் மாறுகிறது.

பதில்: இரண்டும் தனித்தனிச் சிக்கல். கீழே இழுக்கும்போது பி2 என்பது பி3 ஆவதுபோல, எஃப்1-ம் எஃப்2, எஃப்3 என்று இறங்கிவிடுகிறது. அந்தக் கட்டங்கள் காலி என்பதால்தான் பூஜ்யம். எஃப்1-ஐ ஆணியடித்து நிறுத்த வேண்டும். முதல் வரிசையில் ஃபார்முலா இருக்கும் கட்டத்தில் எஃப்2 கீயைத் தட்டினால் ஃபார்முலா திறக்கும். கர்சரை எஃப்1 என்ற எழுத்தின்மேல் வைத்து எஃப்4 தட்டுங்கள், $எஃப்$1 ஆகிவிடும். இன்னொரு முறை தட்டினால் எஃப்$1, மூன்றாம் முறை $எஃப்1, நான்காம் முறை பழையபடி எஃப்1. உங்களுக்கு வேண்டியது முதல் தட்டு. என்டர் அடித்துவிட்டு மறுபடி கீழே இழுங்கள்.

இனி சத்தம். பல லேப்டாப்களில் மேல்வரிசை கீகள் வால்யூம், வெளிச்சம் போன்றவற்றுக்கே முன்னுரிமை தருகின்றன. எஃப்என் கீயைப் பிடித்துக்கொண்டு எஃப்4 தட்டினால் வேலை நடக்கும். எஸ்கேப் கீயில் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் எஃப்என்+எஸ்கேப் ஒரு முறை போதும், வரிசை முழுக்க மாறிவிடும். பூட்டுப் படம் இல்லாத சில மாடல்களில் பயாஸ் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் அடிப்படை அமைப்பு) செட்டிங்கில்தான் மாற்ற முடியும்.

கேள்வி: ஃபார்முலாவை விட்டுவிட்டு விடையை மட்டும் பேஸ்ட் செய்ய?

பதில்: காப்பி செய்துவிட்டு, போய்ச் சேர வேண்டிய கட்டத்தில் கண்ட்ரோல்+ஆல்ட்+வி. பெட்டி திறந்ததும் வி, பிறகு என்டர். இரண்டு இடத்தில் சறுக்கும். கண்ட்ரோல்+எக்ஸ் கொடுத்து வெட்டியிருந்தால் இது நடக்காது. காப்பிதான் செய்திருக்க வேண்டும். நடுவில் எஸ்கேப் தட்டி, கட்டத்தைச் சுற்றி ஓடும் புள்ளிக்கோடு மறைந்துவிட்டாலும் மறுபடி காப்பி செய்ய வேண்டியதுதான்.

கேள்வி: ஒன்றைக் காப்பி செய்து பேஸ்ட் செய்வதற்குள் வேறொன்றைக் காப்பி செய்துவிடுகிறேன். முதலாவது போயே போய்விடுகிறதா?

பதில்: விண்டோஸ் 10-ன் 2018 அக்டோபர் அப்டேட் முதல் அதற்கு வழி இருக்கிறது: விண்டோஸ் கீ+வி. முதல் முறை தட்டும்போது 'டர்ன் ஆன்' என்று கேட்கும், சம்மதியுங்கள். அதற்குப் பிறகு காப்பி செய்பவைதான் சேரும். ஏற்கெனவே போனது போனதுதான். 25 வரை வைத்திருக்கும், அதற்கு மேல் வந்தால் பழையது உதிரும். ரீஸ்டார்ட் செய்தாலும் காலியாகிவிடும். அடிக்கடி ஒட்டும் முகவரி, வாசகம் போன்றவற்றை 'பின்' செய்துவிட்டால் நிலைக்கும். எழுத்தும் படமும் மட்டுமே இதில் வரும், ஃபோல்டரில் காப்பி செய்த ஃபைல்கள் வராது. பாஸ்வேர்டைக் காப்பி செய்தால் அதுவும் இந்தப் பட்டியலில் பளிச்சென்று உட்கார்ந்திருக்கக்கூடும். பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் உடனே நீக்கிவிடுங்கள்.

கேள்வி: எக்செல்லில் அம்புக்குறி கீயைத் தட்டினால் கட்டம் மாறாமல் ஷீட்டே நகர்கிறது. கீபோர்டு கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, ஸ்குரோல் லாக் ஆன் ஆகியிருக்கிறது. உங்கள் கீபோர்டில் அந்தக் கீ இல்லாவிட்டால் விண்டோஸ்+கண்ட்ரோல்+ஓ தட்டுங்கள். திரையில் ஒரு கீபோர்டு வரும், அதில் ஸ்குரோல் லாக்கைக் கிளிக் செய்து அணைத்துவிடலாம்.

கேள்வி: தவறுதலாக ஒரு ஷீட்டையே டிலீட் செய்துவிட்டேன். கண்ட்ரோல்+இசட் எத்தனை தட்டியும் வரவில்லை.

பதில்: வராது. எக்செல்லில் ஷீட்டை நீக்குவது அன்டூ பட்டியலில் சேர்வதில்லை. மேக்ரோ (பல வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஓட்டினாலும் பெரும்பாலும் முந்தைய பட்டியல் அழிந்துவிடும். ஆட்டோசேவ் அணைந்திருந்தால் கண்ட்ரோல்+எஸ் பக்கமே போகாதீர்கள். சேவ் செய்யாமல் ஃபைலை மூடித் திறந்தால் கடைசியாகச் சேவ் செய்த நிலையில் ஷீட் இருக்கும். அதற்குப் பின் செய்த மற்ற மாற்றங்கள் போய்விடும் என்பதால் அவற்றை முதலில் வேறொரு ஃபைலில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். ஒன்டிரைவில் ஆட்டோசேவுடன் வேலை பார்த்திருந்தால் ஃபைல் மெனுவில் 'இன்ஃபோ', அதற்குள் 'வெர்ஷன் ஹிஸ்டரி' போய் நீக்குவதற்கு முந்தைய பிரதியைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.