மரைக் கம்பியை எத்தனை சுற்று திருகலாம்?

கேள்வி: எனக்கு வயது 47. கடலூர் சிப்காட் பக்கத்தில் ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறேன். ஓராண்டாக ஆணுறுப்பு விறைக்கும்போது இடப்புறமாக வளைகிறது. புதுச்சேரியில் பார்த்த சிறுநீரியல் மருத்துவர் பெரோனி நோய் என்று கூறி, உறுப்பை இழுத்துப் பிடிக்கும் இழுவைக் கருவி ஒன்றை அணியச் சொன்னார். சீக்கிரம் நேராகட்டும் என்று பத்து நாட்களாக அதன் மரைக் கம்பிகளைத் தினமும் இரண்டு சுற்று திருகி நீட்டுகிறேன். வளைந்த பக்கத்துக் கம்பியை மட்டும் ஒரு சுற்று கூடுதலாக வைத்திருக்கிறேன். நேற்று கழற்றியபோது உறுப்பின் நுனி மொட்டு மரத்துப்போய் நீலம் பாய்ந்திருந்தது. பத்து நிமிடத்தில் சரியாயிற்று. வீட்டில் யாரிடமும் கேட்க முடியவில்லை. எந்தக் கணக்கில் திருகுவது?
– பெயர் வேண்டாம், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முதலில், மருத்துவரைப் பார்க்கும்வரை கருவியை அணியாதீர்கள். நிறமும் உணர்வும் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டது நல்லதே. மீண்டும் இப்படி நேர்ந்து சிறிது நேரத்தில் திரும்பாவிட்டால், புறநோயாளிப் பிரிவு திறக்கும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

கணக்கை உங்கள் தொழில் மொழியிலேயே பார்ப்போம். மரையின் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்குக் கம்பி நகரும் தூரம், ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்து நாட்களில் கம்பி 20 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். எந்தத் தசையும் தோலும் அவ்வளவு விரைவில் வளராது. உறுப்பு இடங்கொடுக்காத அந்த நீளம் முழுவதும், மொட்டுக்குப் பின்னால் பிடித்திருக்கும் சிலிகான் பட்டையில் அழுத்தமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நீங்கள் கண்ட நீலம் அதன் விளைவு.

கம்பியின் நீளம் இங்கே அளவுகோல் அல்ல, இழுவிசைதான் அளவுகோல். பல கருவிகளில் கம்பிகளுக்குள் சுருள்வில் இருக்கும். அது எவ்வளவு அமுங்குகிறது என்பதைக் காட்ட மெல்லிய கோடுகளும் இருக்கும். பொதுவாக இழுவிசை 600 முதல் 1500 கிராம் வரையில் வைக்கப்படுகிறது. தொடக்கத்தில் குறைந்த பக்கத்திலேயே இருக்க வேண்டும். கம்பிகளைக் குறுக்கி வைத்துக் கருவியை மாட்டி, பட்டையைப் பொருத்திய பிறகு, வலப்பக்கம் அரைச் சுற்று, இடப்பக்கம் அரைச் சுற்று என மாற்றி மாற்றித் திருகி, மருத்துவர் சொன்ன கோட்டில் நிறுத்திவிடுங்கள். அடுத்த நாளும் வில் அதே கோட்டில் நின்றால் கம்பியைத் தொட வேண்டியதே இல்லை. வில் தளர்ந்து கோடு விலகும்போது மட்டுமே, அதுவும் சில நாட்களுக்கு ஒருமுறை, சிறிதளவு நீட்ட வேண்டும்.

வளைந்த பக்கத்தைக் கூடுதலாக இழுத்தால் நிமிரும் என்ற உங்கள் யோசனை பட்டறையில் சரி, இங்கே அப்படியல்ல. ஒரு கம்பி மட்டும் நீண்டால், பட்டையைத் தாங்கும் முன்தாங்கி சாய்ந்து, பட்டை ஒரு விளிம்பில் மட்டும் அறுக்கும். எதிர்ப்பக்கமாக வளைத்துப் பிடிக்கவென்றே அமைக்கப்பட்ட கருவிகளும் உண்டு. அவை வேறு வகை. உங்களுடையதில் இரு கம்பிகளும் சமமாகவே இருக்கட்டும். மார்க்கர் பேனாவால் இரண்டிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுற்று தவறாது.

அணியும் நேரம் கருவிக்குக் கருவி மாறும். சிலவற்றுக்கு அரை மணி நேரமே போதும். பழைய வகைகளுக்கு நாளுக்குப் பல மணி நேரம் தேவை. எதுவானாலும் இடையிடையே கழற்றி இரத்தம் ஓட விட வேண்டும். தூங்கும்போது அணியவே கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் உணர்வு மந்தமாக இருக்கும் என்பதால், வலியை நம்பாமல் கண்ணால் பார்த்து நிறத்தைச் சோதியுங்கள்.

இந்நோய்க்குப் பெயர் கொடுத்தவர், பிரான்சின் பதினைந்தாம் லூயி மன்னரின் அறுவை மருத்துவரான லா பெரோனி. அவர் இதை விவரித்தது 1743இல், புதுச்சேரியில் துய்ப்ளே ஆளுநராக இருந்த காலம். ஆகவே இது புதிதும் அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல. உறுப்பின் உறையில் தழும்பு கட்டியாவதால் வருவது. இழுவையால் கிடைக்கும் பலனும் மாதக்கணக்கில், ஓரளவுக்கே தெரியும். பத்து நாளில் அதை எதிர்பார்க்க முடியாது.

மருத்துவரிடம் போகும்போது கருவியையும் எடுத்துச் சென்று, அவர் முன்னிலையில் ஒருமுறை மாட்டிக் காட்டுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் சிறுநீரியல் பிரிவு உண்டு. இன்னொன்று: மரை இறுகினால் பட்டறை வழக்கத்தில் இயந்திர எண்ணெய் விட்டுவிடாதீர்கள், தோல் புண்ணாகும். சோப்பு நீரில் கழுவித் துடைத்துக் காயவைத்தால் போதும்.