ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. திண்டுக்கல் பக்கத்தில் ஒரு மில்லில் 8 வருடமாக வேலை பார்த்தார். சம்பளம் 18,000. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் பிடிப்பார்கள். ஏழு மாதத்துக்கு முன் வீட்டில் இருந்தபோது பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தனியார் மருத்துவமனையில்தான் பார்த்தோம். அதன் பிறகு அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. நான் தையல் தைத்து மாதம் 6,000 சம்பாதிக்கிறேன். அரசு உதவித்தொகை வந்ததும் அடைத்துவிடலாம் என்று நம்பி, மூன்று வட்டிக்கு 60,000 வாங்கிவிட்டேன். பி.எஃப்.பில் 2 லட்சம் இருக்கிறது. ராஜினாமா கொடுத்துவிட்டு பி.எஃப்., பென்ஷன் பணம் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறார் கொழுந்தனார். கடனை அடைத்து மீதியைத் தன் லோடு ஆட்டோவில் போட்டால் மாதம் 5,000 தருவாராம். அவருடைய நண்பர் ஒருவர், மியூச்சுவல் ஃபண்டில் மொத்தமாகப் போட்டு மாதாமாதம் கொஞ்சம் எடுக்கும் எஸ்.டபிள்யூ.பி.யில் போட்டால் வருமானம் வரும் என்கிறார். 80 சதவிகித ஊனச் சான்றிதழ் வாங்கித் தர ஒரு புரோக்கர் 8,000 கேட்கிறார். பயமாக இருக்கிறது, என்ன செய்யட்டும்? பி.எஃப். கணக்கில்கூட கொழுந்தனாரின் போன் நம்பர்தான் பதிவாகியிருக்கிறது.
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, பணத்தை எங்கே போடலாம் என்பதை அப்புறம் பார்ப்போம். உங்கள் கணவர் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாரா? இல்லையென்றால் போட விடாதீர்கள். நீங்கள் எழுதியதில் ஆபத்தானது அந்த ஒரு காகிதம்தான். அதைக் கொடுத்தால், அவருக்கு வர வேண்டிய இரண்டு பெரிய உரிமைகளை நீங்களே வெட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

முதலாவது ஈ.எஸ்.ஐ. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த அந்தப் பணம் மாத்திரைக்கும் ஊசிக்கும் மட்டும் என்றுதான் பல வீடுகளில் நினைக்கிறார்கள். நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவிகிதம், 91 நாள் வரை உண்டு. அதோடு முடியவில்லை. நாள்பட்ட நோய்கள் 34-க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. உடலின் ஒரு பக்கம் விழுந்துவிடுவது அந்தப் பட்டியலில் உள்ள நோய். 80 சதவிகிதம் வரை கிடைக்கும். மருத்துவ வாரியம் பரிந்துரைத்தால் 730 நாள் வரை கூட நீளும். குறைந்தது இரண்டு வருடம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, கடைசி நான்கு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 156 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். எட்டு வருடம் வேலை பார்த்தவருக்கு இது இருந்திருக்கும்.

18,000-த்துக்கு முதல் 91 நாள் 70 சதவிகிதம் என்றால் மாதம் 12,600, அதன் பிறகு 80 சதவிகிதம் என்றால் 14,400. நீங்கள் மூன்று வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்த மாதங்களில் உங்களுக்கு வந்திருக்க வேண்டிய தொகை இது. படிக்க வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் இனி ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாதீர்கள். சம்பளம் இல்லாத மாதங்கள் கூடக் கூட பங்களிப்பு நாள் கணக்கு கரைந்து உரிமையே நழுவிவிடும். கணவரின் ஈ.எஸ்.ஐ. அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அவர் பதிவாகியிருக்கும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு இந்த வாரமே போங்கள். அங்கே இருக்கும் டாக்டர் தரும் சான்றிதழை வைத்துத்தான் பணம் வரும். போன மாதங்களுக்கும் சேர்த்து, தனியார் மருத்துவமனைக் காகிதங்களைக் காட்டி, கிளை அலுவலகத்தில் எழுத்து மூலமாகவே கேளுங்கள். கொடுத்த மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இரண்டாவது பென்ஷன். கொழுந்தனார் எடுக்கச் சொல்லும் "பென்ஷன் பணம்" என்பது பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டமான ஈ.பி.எஸ். கணக்கில் இருப்பது. பத்து வருடம் முடிக்காதவர்கள் 10சி படிவம் கொடுத்து அதை மொத்தமாக எடுக்கிறார்கள். எட்டு வருட வேலைக்குச் சம்பளத்தைப் போல எட்டு மடங்குக்குக் கொஞ்சம் கூட வரும். பி.எஃப். பிடித்த சம்பளத்தைச் சராசரி 12,000 என்று வைத்தால் ஏறத்தாழ ஒரு லட்சம். பார்க்கப் பெரிய தொகைதான்.

ஆனால் வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக முடங்கிப்போனவருக்குப் பத்து வருடக் கணக்கே கிடையாது. அவருக்கு மாத பென்ஷன் உண்டு. விபத்து மில்லுக்குள் நடந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. வீட்டில் வந்த பக்கவாதமும் சேரும். பாதிப்பு வந்தபோது அவரால் செய்ய முடிந்த எந்த வேலையையும் இனி செய்ய முடியாது என்பதுதான் அளவுகோல். 10டி படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பி.எஃப். அலுவலகம் மருத்துவ வாரியத்துக்கு அனுப்பும். கணக்கு இதோ: 12,000-ஐ 8-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 1,370. சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஆனால் கொழுந்தனார் சொல்லும் அந்த ஒரு லட்சம் ஆறு வருடத்தில் பென்ஷனாகவே வந்து சேர்ந்துவிடும். அவருக்கு வயது 44. ஆறாவது வருடத்துக்குப் பிறகும் வந்துகொண்டே இருக்கும். அவருக்குப் பின் உங்களுக்கும் குறைந்தது 1,000 வரும். 10சி-யில் ஒருமுறை எடுத்துவிட்டால் இதெல்லாம் அன்றோடு முடிந்தது.

ஆகவே வரிசை முக்கியம். இப்போது அவர் மில்லின் ஆள் பட்டியலிலேயே இருக்கட்டும், ஈ.எஸ்.ஐ. தொகை வரட்டும். அது முடியும் கட்டத்தில் மில் அவரை விடுவிக்கும்போது, பி.எஃப். பதிவில் விலகிய காரணம் 'நிரந்தர இயலாமை' என்று ஏற வேண்டும். 'ராஜினாமா' என்று ஏறிவிட்டால் பிறகு அலைய வேண்டியிருக்கும். மில் ஆபீஸில் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மூன்று வட்டிக் கடனுக்கு வருவோம். 60,000-க்கு மாத வட்டி 1,800. தமிழக அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 2023 ஜனவரியில் உயர்த்தியபடி, மாதம் 1,500. கடுமையான பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். இன்னும் விண்ணப்பமே போடாத ஒரு தொகையை வட்டிக்காரருக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். "வந்ததும் அடைக்கலாம்" என்று நினைத்தீர்கள், ஆனால் 1,500 வந்தால் வட்டிக்கே போதாது, 2,000 வந்தாலும் வட்டி போக மிஞ்சுவது 200தான். இதை நிறுத்த ராஜினாமா தேவையில்லை. வேலையில் இருந்துகொண்டே நோய்ச் செலவுக்கென்று பி.எஃப்.பிலிருந்து முன்பணம் எடுக்கலாம். 60,000 எடுத்து அந்தக் கடனை ஒரே நாளில் முடியுங்கள், பாண்டு பத்திரத்தைக் கையில் வாங்கிக் கிழித்துப் போடுங்கள். மீதி பி.எஃப்.பிலேயே இருக்கட்டும். 2024-25-க்கு அது 8.25 சதவிகிதம் வட்டி கொடுத்தது. எஸ்.டபிள்யூ.பி. பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். சந்தை விழுந்த வருடத்திலும் மாதாமாதம் எடுத்துக்கொண்டே இருந்தால் முதலே கரையும். வருமானம் நின்றுபோன வீட்டின் ஒரே சேமிப்பை வைத்துப் பார்க்கும் பரிசோதனை இல்லை அது. லோடு ஆட்டோ பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓட்டம் இல்லாத மாதம் அவரிடம் 5,000 கேட்க உங்களால் முடியாது. கேட்டால் உறவு கெடும்.

சான்றிதழுக்கு யாருக்கும் ஒரு ரூபாய் தராதீர்கள். அது அரசு மருத்துவமனையில் இலவசம். பக்கவாதம் போன்ற நரம்புப் பாதிப்புக்கு ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பிடுவார்கள், உங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. அட்டைக்கு ஆன்லைனில் பதிந்துவிட்டு, உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை மருத்துவ போர்டு உட்காருகிறது என்று கேட்டுப் போங்கள். அங்கே பல மனைவிமார்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கணவருக்குப் புதுச் சட்டை போட்டு, தலைவாரி, "இப்போ பரவாயில்லை டாக்டர், நடக்கிறார்" என்பார்கள். மரியாதைக்குச் சொல்வதுதான், ஆனால் சதவிகிதம் குறைந்துவிடும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடுகிறார்கள், டம்ளரை எந்தக் கையில் பிடிக்கிறார், கழிவறைக்கு யார் கூட்டிப் போகிறார்கள் என்று நடப்பதைச் சொல்லுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் 'நிரந்தரம்' என்று இருக்கிறதா, 'தற்காலிகம்' என்று காலாவதித் தேதி போட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

அது வந்ததும் 1,500 ரூபாய் ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையத்தில் மனுப் போடுங்கள். தாலுகா ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வருவார்கள். தையல் வருமானம், ஈ.எஸ்.ஐ., எதையும் மறைக்காதீர்கள். சதவிகிதம் 75-க்கு மேல் வந்தால் 2,000 ரூபாய்க்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். வங்கியில் 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா பீமா விபத்துக்கு மட்டுமே. அதற்காக அலைய வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், பி.எஃப். கணக்கில் கொழுந்தனாரின் போன் நம்பர் பதிவாகியிருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், ஓ.டி.பி. அவருக்குப் போகக்கூடாது. மருந்தகத்துக்குப் போய்வந்த மறுநாளே கணவரின் ஆதாரோடு பி.எஃப். அலுவலகம் போய் உங்கள் நம்பருக்கு மாற்றுங்கள். கொழுந்தனார் கோபித்துக்கொண்டால், பென்ஷன் விஷயம் முடியும்வரை பணத்தைத் தொடக்கூடாது என்று பி.எஃப். தெரிந்தவர் சொன்னார் என்று என் பேரைச் சொல்லுங்கள்.