சீன மருத்துவக் கப்பிங் உடம்பிலுள்ள 'ஈரத்தை' எடுக்குமா?

நாக்கில் வெள்ளை படிந்து, கால் கனத்து, தூங்கி எழுந்தும் அசதி தீராமல்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் கப்பிங்குக்கு, அதாவது முதுகில் கிண்ணங்களைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்ச வைக்கும் சிகிச்சைக்குப் போனேன். சிங்கப்பூரில் என் சீனத் தோழிகள் எதற்கெடுத்தாலும் 'ஷி' என்பார்கள். ஈரம் என்று பொருள். மண்ணீரல் சோர்ந்தால் உடம்பில் நீர் தேங்கும் என்பது அவர்கள் கணக்கு. அது நம் பாடப்புத்தக மண்ணீரல் அல்ல. செரிமானம் முழுவதையும் அந்தப் பெயரில் அடக்கிவிடுகிறார்கள்.

வைத்தியர் அம்மா நாக்கை நீட்டச் சொல்லி, ஓரத்தில் பல் பதிந்திருப்பதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். குப்புறப் படுத்தேன். இடுக்கியில் பிடித்த பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்தி, கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஒரு சுழற்று சுழற்றி எடுத்துவிட்டு, கிண்ணத்தை முதுகில் கவிழ்த்தார். சுடவில்லை, தோலைக் கொத்தாகப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. பன்னிரண்டு கிண்ணம், பத்து நிமிடம். கழற்றியதும் ஒன்றை என் கண்ணெதிரே நீட்டினார். உள்ளே பனி படர்ந்ததுபோல் நீர்த்துளிகள். "பார், உன் ஈரம்!"

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஸ்பிரிட் எரிந்தால் நீராவி வரும் அம்மா. மிச்சம் உங்கள் வியர்வை" என்றான். எனக்கு முகமே செத்துவிட்டது. முதுகில் இருந்த கருநீல வட்டங்களும் நச்சு இல்லையாம். உறிஞ்சும் வேகத்தில் தோலடி நுண்குழாய்கள் உடைந்து இரத்தம் கன்றியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தோளில் எல்லோரும் பார்த்தது அதைத்தான்.

சீன மருத்துவத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தோள் இறுக்கம் மூன்று நாள் நன்றாகவே தளர்ந்திருந்தது. அதற்காக இன்னும் இரண்டு முறை போனேன். கால் கனம் மட்டும் அப்படியே இருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் நீங்கள் போகாதீர்கள். கொப்புளம் வந்தால் ஈரம் வெளியேறுகிறது என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரமும் வேண்டாம். முதுகு இறங்கிய ரவிக்கையைப் பார்த்துவிட்டு என் நாத்தனார், "அண்ணன் அடித்தாரா அண்ணி?" என்று பந்தியில் சத்தமாகக் கேட்டாள். அவள் கழுத்தில் கிடந்தது, ஒரு நாளைக்கு என்று சொல்லி, போன தைப்பூசத்துக்கு இரவல் வாங்கிச் சென்ற என் காசுமாலை.