ஆபா எண் கையில் இருக்கிறது, ரிப்போர்ட் எங்கே?

காட்பாடி ரயில் நிலையத்தில் விடியற்காலையில் இறங்குபவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் எக்ஸ்ரே உறை. பெட்டியைப் போர்ட்டரிடம் கொடுப்பவர்கள்கூட உறையைக் கொடுக்க மாட்டார்கள். வைத்தியத்துக்குப் பேர்போன ஊரில் இருக்கிறோம். நமக்கு வரும் கடிதங்களிலும் அந்த உறையைப் பற்றிய புகார்தான் அதிகம். இந்த முறை முழு இடத்தையும் அதற்கே விட்டுவிட்டேன்.

கேள்வி (குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்): ஐயா, அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து இங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். எக்கோ, ஆஞ்சியோகிராம் எல்லாம் எடுத்துவிட்டு வேலூருக்குப் போகச் சொன்னார்கள். வேலூரில் பதிவு கவுன்ட்டரில், முகாமில் போட்டுக் கொடுத்த 14 இலக்க ஆபா எண்ணை (மருத்துவக் குறிப்புகளை இணைப்பதற்கான மத்திய அரசின் அடையாள எண்) நீட்டினோம். கணினியில் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் ரத்தப் பரிசோதனை, மறுபடியும் எக்கோ. ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம். பிறகு எதற்கு அந்த அட்டை?

பதில்: ரேஷன் அட்டை இருப்பதனால் அரிசி தானே வீட்டுக்கு நடந்து வராது. கடைக்குச் சரக்கு வந்திருக்க வேண்டும், நீங்களும் போய்க் கைரேகை வைக்க வேண்டும். ஆபாவும் அப்படித்தான்.

2021 செப்டம்பர் 27 அன்று, இந்த எண்ணை வழங்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டபோது, எல்லோருடைய மருத்துவக் குறிப்புகளும் டெல்லியில் ஏதோ ஒரு கிடங்கில் போய்ச் சேர்ந்துவிடும் என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். அப்படி ஒரு கிடங்கு கிடையாது. ரிப்போர்ட் எடுத்த மருத்துவமனையிலேயே இருக்கும். அந்த மருத்துவமனையின் மென்பொருள் திட்டத்தோடு இணைந்திருந்து, அங்கே உள்ளவர்கள் அப்பாவின் ஆபா எண்ணோடு அந்த எக்கோவையும் ஆஞ்சியோவையும் சேர்த்திருந்தால்தான் வெளியில் தெரியும். கேட்கிற மருத்துவமனையும் அதே வலைப்பின்னலில் இருக்க வேண்டும். அது கேட்டதும் அப்பாவின் கைபேசிச் செயலிக்குச் சம்மதக் கோரிக்கை வரும். அவர் ஒப்புக்கொண்ட பிறகே ரிப்போர்ட் நகரும். உங்கள் விஷயத்தில் முதல் கண்ணியே அறுந்திருக்கும் என்று நினைக்கிறேன். குடியாத்தத்தில் அட்மிஷன் போடும்போது யாராவது ஆபா எண் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்டிருந்தாலும் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பழைய பதிவுகளைத் தேடிச் சேர்க்கும்போது பெயர், பாலினம், பிறந்த ஆண்டு, கைபேசி எண் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆதாரில் ‘முருகன் கோ’, மருத்துவமனைச் சீட்டில் ‘கோ. முருகன்’, அதற்கும் முந்தைய சீட்டில் வெறும் ‘முருகன்’. வயது குத்துமதிப்பாக அறுபது. கைபேசி எண் அன்றைக்கு ஆட்டோவில் கூட வந்த மருமகனுடையது. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ஆதாரில் உள்ளபடியே பெயரும் பிறந்த ஆண்டும் சொல்லி, ஒரே கைபேசி எண்ணைக் கொடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத காரியம்.

மறுபரிசோதனை எல்லாமே பணம் பிடுங்குவதற்கு என்று நான் எழுத மாட்டேன். சாயம் செலுத்தி எடுக்கும் ஸ்கேனுக்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் புதிதாகப் பார்ப்பது சிறுநீரகத்தின் நன்மைக்காக. போன வாரத்துச் சர்க்கரை அளவை நம்பி இன்று இன்சுலின் போட முடியாது. எக்கோவிலும், பார்ப்பவரின் கையையும் கண்ணையும் பொறுத்து அளவுகள் கொஞ்சம் மாறும். அறுவைக்கு முடிவெடுக்கப் போகிறவர் தன் ஆட்களை விட்டே பார்க்கச் சொல்வது புதிதல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆஞ்சியோவை மறுபடி எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. அதன் சி.டி. உங்கள் பையில் இருந்திருக்கும். 14 இலக்கத்தால் வர முடியாத இடத்துக்கு அந்த வட்டத்தகடு வந்து சேர்ந்துவிட்டது.

இரண்டாவது எக்கோவின் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்றால், கேட்டுப் பயனில்லை. மருத்துவர் தேவை என்று எழுதிய பரிசோதனையை அநியாயம் என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். எடுப்பதற்கு முன் கேட்பதுதான் வழி: “போன வியாழக்கிழமை எடுத்தது இதோ இருக்கிறதே, மறுபடி ஏன்?” நல்ல மருத்துவர் காரணம் சொல்வார். சிலர் “சரி, இதுவே போதும்” என்று சீட்டிலிருந்து அந்தப் பரிசோதனையை அடித்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

இனி எங்கே அட்மிஷன் போட்டாலும், டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் வரிசையில் நிற்கும்போதே இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு லேப் ரிப்போர்ட்டும் பி.டி.எஃப். கோப்பாக, ஸ்கேனும் ஆஞ்சியோவும் சி.டி.யில். சி.டி. திறக்கிறதா என்று அங்கேயே ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இப்போது வரும் மடிக்கணினிகளில் சி.டி. போடும் இடமே இல்லை. பென்டிரைவிலும் ஏற்றித் தருவார்களா என்று கேளுங்கள். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவசரத்துக்கு உதவும், வைத்தியத்துக்கு உதவாது. ரிப்போர்ட்டை அனுப்பினால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், எழுத்து கலங்காது.

கேள்வி (வாலாஜாவிலிருந்து): என் மனைவிக்கு ஒரு மருத்துவமனையில் அறுவை நடந்தது. காப்பீட்டு நிறுவனம் முழு கேஸ் ஷீட்டையும் (சிகிச்சைப் பதிவேடு) கேட்கிறது. மருத்துவமனையோ, “டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தாயிற்று, கேஸ் ஷீட் எங்கள் சொத்து” என்கிறது. மூன்று நடை நடந்துவிட்டேன்.

பதில்: நான்காவது நடையில் வாயால் கேட்காதீர்கள், தாளில் கேளுங்கள்.

மருத்துவர்களின் தொழில் நெறிமுறைகளுக்கான 2002-ஆம் ஆண்டு விதிமுறைகளில் இதற்கு நேரடி விடை இருக்கிறது. உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து, 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் வெளியிட்ட நோயாளிகள் உரிமைச் சாசனமும் டிஸ்சார்ஜுக்குப் பின் 72 மணி நேரம் என்றே சொல்கிறது. அசல் தாள் அவர்களிடம் இருக்கட்டும். நகல் உங்களுக்கு உரியது. ஜெராக்ஸ் செலவைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

ஒரு பக்க விண்ணப்பம் போதும். மனைவியின் பெயர், மருத்துவமனை எண், சேர்ந்த நாள், வெளிவந்த நாள், ‘கேஸ் ஷீட், அறுவைக் குறிப்பு, செவிலியர் குறிப்பு, எல்லாப் பரிசோதனை முடிவுகளின் நகல்’ என்று எழுதி, மனைவியே கையெழுத்திட வேண்டும். நீங்கள் வாங்கப் போவதானால் உங்களுக்கு அதிகாரமளிப்பதாக ஒரு வரி. இரண்டு பிரதி எடுத்துச் சென்று ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அங்கே நின்று சண்டை பிடிக்க வேண்டாம். தபால் நிலையத்துக்குப் போய், சேர்ந்ததற்கான ஒப்புகையும் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள். பல மருத்துவமனைகளில் அந்த ஒப்புகை வருவதற்குள் தொலைபேசி வந்துவிடும்.

வராவிட்டால், தனியார் மருத்துவமனைகளுக்குப் பதிவுச் சான்று வழங்கும் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு ஒரு புகார், தமிழ்நாடு மருத்துவ மன்றத்துக்கு ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே வழக்குக்குக் கட்டணமில்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

இலவச அரசு மருத்துவமனை என்றால் பாதை வேறு. எல்லோருக்கும் கட்டணமின்றிப் பார்க்கும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லிவிட்டது. அங்கே முதலில் மருத்துவமனைத் தலைமையிடம் எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள், 30 நாள்.

கேள்வி (ஆம்பூர், தோல் தொழிற்சாலைப் பணியாளர்): மருத்துவமனைக் கவுன்ட்டரில் ஆபாவுக்கு என்று ஓடிபி கேட்டார்கள், சொல்லிவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் மனநல மருத்துவரிடம் பார்த்திருக்கிறேன். இனி யார் வேண்டுமானாலும் அதைப் பார்ப்பார்களா? கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: பயம் வேண்டாம், கவனம் வேண்டும். ஓடிபி கேட்டது பெரும்பாலும் எண் உருவாக்கவோ சரிபார்க்கவோ இருக்கும். அதனால் மட்டும் பழைய பதிவுகள் திறந்துவிடாது. ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்குத் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். அந்தக் கோரிக்கையில் யார் கேட்கிறார்கள், எதற்காக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த வகைப் பதிவுகள், எவ்வளவு நாளைக்கு என்று எல்லாம் இருக்கும். அப்படியே ‘சரி’ கொடுக்காமல் மாற்றலாம். முழங்கால் வலிக்குப் போன இடத்தில் பத்து ஆண்டுப் பதிவைக் கேட்டால், கடைசி ஆறு மாதம் மட்டும் என்று குறையுங்கள். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும்; ஆனால் அதற்குள் அவர்கள் பார்த்துவிட்டதைக் கண்ணிலிருந்து அழிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆபா கட்டாயமில்லை. எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது. வேண்டாம் என்றால் கணக்கை நீக்கவும் வழி இருக்கிறது. மனநலச் சிகிச்சை விவரங்களின் இரகசியத்துக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தனியாகக் காப்பளிக்கிறது. உங்கள் முதலாளிக்கு அதைக் கேட்கும் உரிமை இல்லை. எனக்குக் கவலை தருவது சட்டத்தைவிடக் கைபேசிதான். வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் மச்சான் கையில் என்றால், சம்மதம் கொடுப்பவர் மச்சான். உங்கள் பெயரில் உள்ள எண்ணை மட்டும் இணையுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாப்பிடும் மாத்திரைகளை, பார்க்கிற மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மனநல மாத்திரைகள் சில, மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகாது. புதிதாகக் காப்பீடு எடுக்கும்போது விண்ணப்பத்தில் கேட்டதை மறைப்பதும் பின்னால் உங்களையே கடிக்கும்.

கேள்வி (ஒடுகத்தூர்): ஆபா அட்டைக்கு 5 லட்சம் இலவச வைத்தியம் என்று சொல்லி ஒருவர் 200 ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தார். உண்மையா?

பதில்: இல்லை. ஆபா எண் இலவசம். அதில் ஒரு ரூபாய்கூடக் காப்பீடு கிடையாது. 5 லட்சம் என்பது காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலக மையத்துக்குப் போங்கள். அங்கேயும் யாருக்கும் 200 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி (சத்துவாச்சாரி, கிளினிக் நடத்துபவர்): மென்பொருள் விற்பவர்கள் எல்லோரும் “ஆபா வசதி உண்டு” என்கிறார்கள். எதை நம்பி வாங்குவது?

பதில்: அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று படிகள் இருக்கின்றன. எம்-1 என்பது எண் உருவாக்குவதும் சரிபார்ப்பதும். எம்-2 உங்கள் கிளினிக்கின் ரிப்போர்ட்டை நோயாளியின் எண்ணோடு இணைப்பது. எம்-3 வேறு இடத்து ரிப்போர்ட்டைச் சம்மதத்தோடு வாங்கிப் பார்ப்பது. முதல் படியை மட்டும் முடித்துவிட்டு முழு ஏணியையும் விற்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றும் உண்டா என்று கேட்டு, வாய்ச்சொல்லை விட்டு, உங்கள் சொந்த ஆபா எண்ணை வைத்து உங்கள் எதிரிலேயே ஒரு ரிப்போர்ட்டை இணைத்து, உங்கள் கைபேசியில் வரவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை முறித்தால் நோயாளிகளின் பதிவுகள் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் முகம் மாறுகிற விற்பனையாளரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

கேள்வி (போளூர்): அப்பாவின் ஈ.சி.ஜி. தாள் மங்கிக்கொண்டே வருகிறது. லேமினேட் செய்து வைக்கலாமா?

பதில்: செய்யாதீர்கள். பெரும்பாலான ஈ.சி.ஜி. தாள் சூடு பட்டால் கறுக்கும் வகை. பஸ் டிக்கெட் தருகிற சிறு இயந்திரத்தின் தாள் மாதிரி. என் அம்மாவின் ஈ.சி.ஜி.யைப் பத்திரமாக வைக்கிறேன் என்று நானே ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்தேன். இயந்திரத்தின் மறுபக்கம் வழுவழுப்பான கறுப்பு அட்டை ஒன்று வந்தது. கடைக்காரப் பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். முதலில் ஜெராக்ஸ் எடுங்கள், கைபேசியில் ஸ்கேன் செய்து வையுங்கள்; லேமினேட் செய்தே ஆக வேண்டுமென்றால் ஜெராக்ஸைச் செய்யுங்கள்.