ஃபோகஸ் இல்லாத போட்டோ

கேள்வி: பங்க் ராக் இசைனாலே ஒருத்தர் கிட்டாரை தரையில அடிக்கப் போற படத்தைக் காட்றாங்களே, அது ஏன் அவ்ளோ மங்கலா இருக்கு? (வாசகர், திருச்சி)

பதில்: அது பேஸ் கிட்டார்ங்க. 1979 செப்டம்பர், நியூயார்க் பல்லேடியம் அரங்கத்துல தி கிளாஷ்ங்கிற பிரிட்டிஷ் பங்க் பேண்டோட கச்சேரி, கூட்டத்தை சீட்டை விட்டு எந்திரிக்கவே விடலன்னு அவங்க பேஸ் வாசிப்பாளர் பால் சிமோனனுக்கு செம கடுப்பு, பேஸைத் தலைகீழா புடிச்சு ஓங்கிட்டாரு. மேடை ஓரத்துல நின்ன போட்டோகிராபர் பென்னி ஸ்மித் பின்னாடி நகந்துகிட்டே க்ளிக் பண்ணாங்க, அப்புறம் ஃபோகஸ் எங்க கிடைக்கும்? ஆல்பம் அட்டைக்கு இது வேணாம்னு அவங்களே சொன்னாங்க, பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் கேக்கல. அதான் கிளாஷோட லண்டன் காலிங் ஆல்பம் அட்டை. அதுல இருக்குற பிங்க், பச்சை எழுத்து மட்டும் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியோட 1956 ஆல்பத்துலேருந்து சுட்டது! என்னைக் கேட்டா, படம் ஷார்ப்பா இருந்திருந்தா அந்தக் கோவம் தெரிஞ்சிருக்காது. ஒடஞ்ச பேஸ் இப்ப லண்டன் மியூசியத்துல பத்திரமா இருக்கு.